பத்தாவது கையெழுத்து

நகராட்சி மண்டபத்தில், சுடச்சுட வந்த இறைச்சி அடைத்த அப்பங்களை ஆளுக்கு ஒன்றாக நீட்டியபடியே ரோவினா தலைகளை எண்ணினாள். தன்னையும் சேர்த்து ஒன்பது. கார்விக் ஊரில் இன்னும் ஒரே ஒரு பொறியாளர்தான் பாக்கி, அவரோ எதிலும் கையெழுத்துப் போடாத மனிதர்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், மேற்கு மூலையில், வாரத்தில் ஆறு நாள் மழை கொட்டும் ஊர் அது. பொறியாளர் சங்கம் மெல்போர்னிலிருந்து தன் கிளைகளுக்கெல்லாம் பயிற்சிப் பெட்டி அனுப்பியிருந்தது. பேசக் குறிப்பு, காட்டப் படம், ஆளுக்கொரு விடைத்தாள். 'கட்டடங்கள் ஏன் விழுகின்றன' என்பது பாடம். கையெழுத்தோடு பத்துத் தாள் திரும்பி வராவிட்டால் கார்விக் கிளையை மூடி, தலைநகர் ஹோபார்ட்டோடு சேர்த்துவிடுவார்களாம்.

அணையில் வேலை பார்க்கும் ரோவினாதான் கிளைச் செயலாளர். பத்தாவது ஆள், நகராட்சிப் பொறியாளர் நெவில். சாக்கடை மூடி மாற்றவே ஆறு மாதம் யோசிக்கிறவர். இந்த வருடம் அவருக்கு மூன்று கடிதம் எழுதியும் பதிலில்லை. போன வாரம் நேரில் போனபோது, "உனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்.

அவள் எண்ணி முடிப்பதற்குள் இன்று அவரே வந்து நின்றார். பாடத்துக்காக இல்லை, அப்பத்துக்காக.

"என்ன ரோ, இவ்வளவு பெரிய மண்டபத்துல வாசலை ஒட்டி இப்படி நெருக்கியடிச்சு நாற்காலி போட்டிருக்கே? பஸ்ஸுல வர்ற மாதிரி இருக்கு" என்றான் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கிளின்ட்.

"டீ பக்கத்துலயே இருக்கட்டும்னுதான்."

"சீக்கிரம் முடிங்கப்பா" என்றார் நெவில், அப்பத்தின் மேல் தக்காளி சாஸை ஊற்றிக்கொண்டே. "சனிக்கிழமை இதே மண்டபத்துல பள்ளிக்கூடத்துப் பசங்க டான்ஸ். என் பேத்தி முன்வரிசையில ஆடுறா. டிக்கெட் வாங்காதவன் எவனும் என் மூஞ்சியில முழிக்காதீங்க!"

விளக்கை அணைத்து ரோவினா படங்களை ஓட்டினாள். எங்கோ ஒரு பாலம், எங்கோ ஒரு தண்ணீர்த் தொட்டி. நெவில் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

கடைசிப் படம் வந்தது. மிகக் கிட்டத்தில் எடுத்தது. ஒரு மர உத்தரம், அது சுவரில் உட்காரும் இடம், அதன்மேல் குறுக்காக அடித்த ஒட்டுப் பலகை. நெவிலின் வாய்க்குப் போன அப்பம் பாதியில் நின்றது.

பொறியாளன் கண்ணில் அடுத்தவன் கட்டியது பட்டுவிட்டால் அப்புறம் சோறு தண்ணி கிடையாது. மனிதர் எழுந்து திரைக்கே போய்விட்டார்.

"அடப்பாவிங்களா! முனையைப் பாருங்கய்யா, தண்ணி இறங்கி இறங்கி மொத்தமா உளுத்துப் போச்சு!"

"போல்ட் நல்லா இருக்குல்ல?" என்று கிளின்ட் கிளறிவிட்டான்.

"எது, இதுவா? தொட்டா துரு கையோட வரும்!"

"பலகை அடிச்சு முட்டுக் குடுத்திருக்காங்களே, நெவில்?"

"எந்த மடையன் அடிச்சது அது? கால் ஒடிஞ்சவனுக்கு பிளாஸ்திரி ஒட்டுவானா எவனாவது? ஒரு காத்தடிச்சா போதும், கூரை மொத்தமும் கீழே வந்துரும்!"

"வாயால சொன்னா செல்லாது" என்று ரோவினா விடைத்தாளையும் பேனாவையும் நீட்டினாள். "என்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க."

அவர் விறுவிறுவென்று எழுதினார். கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. "கையெழுத்து கண்டிப்பா வேணுமா?"

இத்தனை தூரம் வந்த பிறகு இந்த ஒரு கோட்டில் எல்லாம் போய்விடுமோ என்று ரோவினா பயந்தாள்.

"விடு ரோ" என்றான் கிளின்ட். "நகராட்சிக்காரர் கையெழுத்துப் போட்டா இந்த ஊர்ல மழையே நின்னுரும். நாம ஹோபார்ட்டுக்கே போயிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நெவிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னை என்னடா நினைச்சே? இந்த மாதிரி விஷயத்துல நான் ஒரு நிமிஷம் யோசிக்க மாட்டேன்!" என்றவர், எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "'இந்தக் கூரை எந்த நேரமும் விழும். கட்டடத்தை இன்றே பூட்ட வேண்டும். ஓர் ஆள்கூட உள்ளே போகக் கூடாது.' போதுமா?"

சரக்கென்று கையெழுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில், அதன்கீழே 'நகராட்சிப் பொறியாளர்' என்றும் எழுதித் தேதியும் போட்டார்.

ரோவினா அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். மற்றவர்கள் எழுதித் தந்த தாள்களோடு அதைச் சேர்க்காமல், மடித்துத் தன் மேல்சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகு போய் விளக்கைப் போட்டாள்.

நெவில் வெற்றிக் களிப்போடு இன்னொரு அப்பத்தை எடுத்துக்கொண்டார். "சரி, இது எந்த ஊருக் கட்டடம்? அங்க இருக்கிற பொறியாளன் என்ன தூங்கிக்கிட்டா இருக்கான்?"

"இந்த மண்டபத்தோட அந்தக் கோடியில கொஞ்சம் அண்ணாந்து பாருங்க, நெவில்" என்றாள் ரோவினா.