நயினார் வண்டியின் பிக்கப்

"எனக்கு வேகம் வேணாம் தங்கராசு. பிக்கப்தான் வேணும்" என்றார் அஜிததாஸ் நயினார்.

தங்கராசுக்குப் புரியவில்லை. திண்டிவனம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"இன்னா நயினாரே, ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லப்பா. நின்ன இடத்துலேர்ந்து தெருமுனை வரைக்கும் வண்டி சிட்டாப் பறக்கணும். அதுக்கப்புறம் மாட்டு வண்டி மாதிரி உருண்டாகூடக் கவலை இல்ல. ஆனா, புது சாமான் வாங்கச் சொல்லாதே. இந்த வருஷம் மழையும் இல்ல, மல்லாட்டை வரத்தும் இல்ல. இருக்கறதை வச்சே ஒப்பேத்து."

செஞ்சிக் கடைத்தெருவில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தார் நயினார். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சமணர். அவருடைய பழைய மோரிஸ் மைனர் காரும் அவரைப் போலவே நிதானம். கிளம்பச் சொன்னால் இருமும், குலுங்கும், யோசிக்கும், அப்புறம்தான் நகரும்.

தங்கராசு கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பிளக்குகளைச் சுரண்டி மாட்டினான். டைமிங்கை மயிரிழை முன்னால் தள்ளினான். சக்கரத்தைக் கவ்விக்கொண்டிருந்த பிரேக்கைத் தளர்த்திவிட்டான்.

ராஜகிரி மலையடியில் ஓட்டிப் பார்த்தார்கள். நயினார் உதட்டைப் பிதுக்கினார்.

"பத்தாதுப்பா. இப்படிப் போனா மாட்டிக்குவேன்."

மாட்டிக்குவாரா? யாரிடம்? தங்கராசுக்கு வாய்விட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை.

"பளுவைக் குறைச்சா இன்னும் கொஞ்சம் எடுக்கும். பின்சீட்டைக் கழட்டிடலாமா?"

"கழட்டு. ஸ்டெப்னியையும் எடுத்து வை."

ஷெட்டு வாசலில் கிடந்த சீட்டைப் பார்த்து டீக்கடை விநாயகம் சிரித்தான்.

"பின்னாடி சீட்டு கிடையாது, தொட்டா பறக்கணும். இது கூடவா புரியல உனக்கு? பாண்டிச்சேரி பாட்டிலு வருதுப்பா!"

"சேச்சே! நயினாரா? வெங்காயம்கூடத் தொடாதவரு."

"அவரா குடிக்கப் போறாரு? விக்கறதுக்குத்தான். பாரு, போலீசு வந்தா முதல்ல உன் கையிலதான் விலங்கு."

தங்கராசுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை நயினார் வந்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"எதுக்குன்னு சொல்லுங்க. இல்லாட்டி இனிமே இந்த வண்டியைத் தொடமாட்டேன்."

நயினார் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். "சொன்னா புரியாது. ஏறு" என்றார்.

கார் பக்கத்து ஊரான வல்லத்துக்குப் போனது. ஒரு தெருவின் நடுவில் நின்றது. நயினார் எஞ்சினை அணைக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பின்னால் கிடந்த ஒரு குட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

சரிதான், விநாயகம் சொன்னது நிஜம் என்று தங்கராசு இருக்கையிலேயே ஒடுங்கிக்கொண்டான்.

மூட்டையை ஒரு வீட்டு வாசலில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி நயினார் ஓடி வந்தார். அந்த உடம்பு ஓடி அவன் பார்த்ததே இல்லை. அவர் காரில் ஏறவும் அந்த வீட்டுக் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ஒரு அம்மாள் வெளியே வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நில்லு! நில்லுன்றேன் இல்ல!" என்று கத்தியபடி காரை நோக்கி ஓடி வந்தாள்.

நயினார் கிளட்சை விட்டார். கார் ஒரே எம்பு எம்பியது. அந்த அம்மாள் நடுத்தெருவில் மூட்டையோடு நின்றுவிட்டாள்.

"ஜெயிச்சுட்டோம்பா!" நயினார் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"யாருங்க அது? மூட்டையில இன்னா?"

"என் தங்கச்சி மருதேவி. மூட்டையில அரிசி. அவ வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப நாளாச்சு. வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னுட்டார். இந்தப் பஞ்சத்துல அவ இன்னா சாப்பிடறாளோன்னு எனக்குச் சோறு இறங்கல. மாசா மாசம் அரிசி வைப்பேன். இந்தக் கட்டை வண்டி நகர்றதுக்குள்ள ஓடி வந்து ஜன்னல் வழியா உள்ளயே போட்டுடுவா. அவ்ளோ ரோஷம்! இன்னிக்குத்தான் அரிசி அவ வீட்டுக்குப் போயிருக்குது."

தங்கராசுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூலியே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நயினார் விடாமல் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து ஷெட்டு வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். மருதேவி!

"நீதானே தம்பி அன்னிக்கு எங்க அண்ணன் காருல உக்காந்திருந்தது? நீதான் மெக்கானிக்குன்னு சொன்னாங்க."

தங்கராசு எழுந்து நின்றான். அரிசி மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாளோ என்று அவள் கையைப் பார்த்தான். கை வெறுமையாக இருந்தது.

"அந்த வண்டியைப் பழையபடி மந்தமாக்கிடு தம்பி."

அவன் குழம்பிப் போனான். "அம்மா, உங்களுக்கு ரோஷம் இருக்க வேண்டியதுதான். ஆனா, அவரு ஆசையாக் குடுக்கற அரிசியை..."

"அரிசி கிடக்குது, விடு. கூழோ கஞ்சியோ வீட்ல எப்படியோ ஓடுது. எங்க வீட்டுக்காரரு அண்ணன் வீட்டுக்குப் போவ விடமாட்டாரு, மண்டிப் பக்கம் போனாலும் கடைத்தெருவுல யாராவது பார்த்து அவருகிட்ட சொல்லிடுவாங்க, அண்ணனும் எங்க வீட்டுக்கு வர முடியாது. மூட்டையைத் திருப்பிப் போடற சாக்குல ஓடி வந்து, ஜன்னலைப் பிடிச்சுக்கினு நாலு திட்டு திட்டி, மாசத்துக்கு ஒரு தரமாவது அண்ணன் மூஞ்சியைப் பார்த்துக்கினு இருந்தேன். இப்ப அதையும் நீ கெடுத்துட்டியே!"