பின்னால் வந்தவள்

கரூரிலிருந்து முதன்முறையாகத் தனியே ஹைதராபாத்துக்கு வந்திருந்தாள் தமயந்தி. வழி தெரியாதவள்போல் தெருவில் நிற்கக் கூடாது என்று எங்கோ படித்திருந்தாள். வளையல் கடைத் தெருவில் ஊரிலிருக்கும் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து அது அணைந்துபோனது. தங்கியிருந்த விடுதி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு வேகமாக நடந்தாள். கொஞ்ச நேரத்தில், பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி பின்னாலேயே வருவதைக் கவனித்தாள். இவள் நின்றால் அவளும் நின்றாள். சந்தில் திரும்பினால் அவளும் திரும்பினாள். தமயந்தி நடையை இன்னும் வேகமாக்கினாள். கூட்டமாக இருந்த டீக்கடை முன்னால் சட்டென்று திரும்பி, "எதுக்கு என் பின்னாலயே வர்றீங்க?" என்று கத்தினாள். பயத்தில் தமிழ்தான் வந்தது.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிவிட்டது. "மன்னிச்சுக்கங்க. நான் பரமக்குடியிலேர்ந்து தனியா வந்திருக்கேன். நீங்க போன்ல தமிழ் பேசினதைக் கேட்டேன். பயமே இல்லாம நடந்தீங்களா, உங்க பின்னால வந்தா பத்திரமா இருக்கும்னு தோணிச்சு."

"எனக்கே வழி தெரியலைங்க. இதே டீக்கடையைத்தான் சுத்திச் சுத்தி வர்றேன்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு," என்றாள் அவள். "இருந்தாலும் வந்தேன்."

சொல்லிவிட்டு, தமயந்தியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.