விசர்க் கூட்டம்

துறைமுகக் கந்தோரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்த கனகரத்தினத்துக்கு இளக்காரச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஆபிரிக்காவிலை கானா நாட்டுக் கப்பல்காரன் ஒருத்தன் கதைச்சான், பூரணி. வெள்ளைக்காரன் வாறதுக்கு முந்தி அவங்கடை ராசாவின்ரை சேதியெல்லாம் மேளத்திலைதானாம் ஊர் ஊராப் போகும். அடிக்கிறவன் பரம்பரையாப் பழகினவனாம்.”

மனைவி குழம்பை ஊற்றினாள்.

“மேளம் கதைக்குமாம். அதைக் கேட்டுச் சனம் எழும்பி ஓடுமாம். விசர்க் கூட்டம்.”

சோற்றைப் பிசைந்த கை நின்றது. ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தவர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார்.

“சால்வையை எடும். லிங்கநகரிலை செத்த வீடு.”

“ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே?”

“வந்து சொல்லவேணுமோ? பறை அடிக்கிறது கேக்கேல்லையோ?”

பூரணி சால்வையை நீட்டினாள்.

“ஓம், கேக்குது. எழும்பி ஓடுங்கோ.”