தட்டில் எழுந்த மண்வாசம்

வெளியே மலேசியாவின் ஈப்போ நகரத்து மாலை மழை. ஆய்வகத்து வெள்ளை வெளிச்சத்தில், தட்டில் வளர்ந்த கிருமி காய்ந்த தோல்போலச் சுருங்கிப் படர்ந்திருக்கிறது. பழைய ரப்பர் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டப் போய்க் காய்ச்சலில் விழுந்த மாயாண்டியின் ரத்தத்திலிருந்து வந்தது. முகர்ந்தே கிருமியை அடையாளம் சொல்லும் பழைய ஆய்வாளர்களின் பழக்கத்தில், கலாதேவி மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய் ஆழ இழுக்கிறாள். "தோட்டத்துல மழ பேஞ்ச வாசம்லா, முஸ்அப்." அடுத்த மேசையில் வேலை செய்யும் அவன் திரும்பவில்லை. மரபணுவைத் தேடும் கருவியின் திரையில், இதுவரை தரையோடு கிடந்த பச்சைக் கோடு மெல்லத் தலைதூக்குகிறது: தேடிய கிருமி இருக்கிறது. "மூடுங்கக்கா! இது மெலியோய்டோசிஸ், ஆளக் கொல்ற மண்ணுக் கிருமி. மூச்சுல போனாலே நுரையீரல்ல ஒக்காந்துக்கும்." அவள் மூடுகிறாள். தட்டு சத்தமில்லாமல் மேசையில் அமர்கிறது. இழுத்த மூச்சை மட்டும் அவள் இன்னும் வெளியே விடவில்லை.