வேதவல்லியின் பதில்கள்

பள்ளித் தோழிகள் மறுபடி கூடிக் கலைந்த கையோடு, இனி தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று எல்லோரும் போனில் ஒரு குழு தொடங்கி, ஒரு செயலியையும் ஏற்றிக்கொண்டார்கள். குழுவில் யார் என்ன எழுதினாலும், அவரவர் பெயரில், அவரவர் பேசுகிற மாதிரியே அது பதில் போட்டுவிடும்; அவரவர் போகிற இடம் பார்த்துத் தானாகவும் செய்தி போடும். வேதவல்லி குழுவைத் திறந்து பார்த்தே வருஷக்கணக்காகிறது.

ஆனாலும் மகனின் கல்யாணப் பத்திரிகையை நேரில்தானே வைக்க வேண்டும்? குங்குமச் சிமிழோடு தோழி செண்பகத்தின் வீட்டுப் படியேறினாள். கதவைத் திறந்த செண்பகத்தின் மகள் கயல், "வேதா ஆன்ட்டி!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"அம்மா எங்கடி கண்ணு? முதல் பத்திரிகை அவளுக்குத்தான்."

கயலின் பிடி தளர்ந்தது.

"என்ன ஆன்ட்டி கேக்கறீங்க? அம்மா தவறிப்போன அன்னிக்கு அவங்க போன்லேருந்து குழுவுல நான்தானே சேதி போட்டேன்? அப்புறம் மாசக்கணக்கா எனக்கு ஆறுதல் சொன்னது நீங்கதானே? நீங்க இல்லன்னா நானும் போயிருப்பேன் ஆன்ட்டி."

கயலின் கையிலிருந்த அம்மாவின் போன் ஒலித்தது. குழுவில் வேதவல்லி பெயரில் ஒரு செய்தி: "செண்பகம் பொண்ணப் பாத்ததும் அழுதுட்டேன்டி."

கயல் அதைப் படித்துவிட்டு, வேதவல்லியின் உலர்ந்த கண்களைப் பார்த்தாள்.