எல்லாரும் கை தட்டினார்கள்

“எழுந்திருக்காதீங்க சார். இன்னிக்கு உங்களுக்கு நாங்கதான் கொண்டுவந்து வைக்கணும்” என்று லைலின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள் மார்சி. அவர் தலையிலிருந்த கறுப்புத் தொப்பியில் ‘ஈராக் போர்’ என்று மஞ்சள் நூலால் பின்னியிருந்தது.

நவம்பர் பதினொன்று, படைவீரர் தினம். ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் போருக்குப் போய் வந்தவர்களுக்கு மார்சியின் உணவகத்தில் அன்று காலைச் சாப்பாடு இலவசம். லைலும் மனைவியும் அந்த ஊருக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

மார்சி உள்ளே போனதும், எதிரே இருந்த லைலின் மனைவி நடீன் மெல்லக் கேட்டாள்.

“இந்தத் தொப்பிய எதுக்குப் போட்டுக்கிட்டு வந்தே?”

“வெளிய குளிருது. கைக்கு இதான் கெடைச்சுது.”

“கழட்டு லைல். எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுமே!”

தட்டு நிறையப் பான்கேக்கும் முறுகலான பேகன் இறைச்சியும் வந்தன. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து லைலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவருகே இருந்த ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, “மாமாவுக்கு டாட்டா சொல்லு” என்றாள். நடீன் தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

“காப்பி ஆறிப்போச்சே” என்றார் லைல்.

மார்சி பதறிப்போய் வேறு கோப்பையோடு ஓடி வந்தாள். “மன்னிச்சுக்குங்க சார்.”

“பரவால்ல. வருஷத்துல ஒரு நாள் கொடிய ஆட்டிட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கிறாங்க இந்த ஊர்க்காரங்க. சாவோட வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தவங்களுக்கு மத்த நாள்லயும் ஒரு மரியாதை வேணாமா?”

“ரொம்ப நியாயம் சார்” என்றார், கோப்பையைக் கையில் ஏந்தியபடி வந்து நின்ற ஓர்வில். மதியம் நடக்கப்போகும் ஊர்வலத்துக்கு அவர்தான் பொறுப்பு. “அங்க கூட இருந்தவங்க யாரையாவது பறிகொடுத்தீங்களா?”

லைல் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, “ஹெக்டர்னு ஒருத்தன்” என்றார்.

நடீனின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. ஹெக்டரைப் பற்றி வெளியாள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது புருஷன் பெண்டாட்டிக்குள் இருந்த பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து அது மீறப்பட்டதில்லை.

“லைல், வேணாம்.”

அவர் நிறுத்தவில்லை. “பாக்தாத் போற ரோடு. முன்னாடி போன லாரி வெடிச்சுருச்சு. ஓடிப்போய்த் தூக்குனா, பாதி உடம்பு இல்ல. இந்த மடியிலதான் தலைய வச்சிருந்தான். ‘அம்மா’ன்னு ஒரே ஒரு தடவ கூப்புட்டான். அதோட சரி.”

மார்சி ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மாவ இல்ல. தண்ணிதான் கேட்டான்” என்றாள் நடீன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

லைல் சிரித்துச் சமாளித்தார். “இவளுக்கு மனப்பாடம்! இத்தனை வருஷமா எங்க வீட்டுல இதே கதைதானே.”

“வீட்டுல இருக்கறவங்களுக்கும் கஷ்டந்தாம்மா” என்று நடீனின் கையைத் தடவிக் கொடுத்தாள் மார்சி. “நீங்க பொறுத்துக்கிட்டதும் ஒரு தியாகம்தான்.”

நடீன் வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஓர்வில் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றார். “எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு ஊர்வலத்துல முதல் கார்ல நம்ம லைல்தான் உக்காந்து வரப்போறார். இவருக்கு ஒரு நன்றி சொல்லிருவோமா?”

உணவகமே எழுந்து நின்றது. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கைதட்டல் கூரையைத் தொட்டது. “நீங்களும் தட்டுங்கம்மா!” என்று மார்சி நடீனைத் தூக்கி நிறுத்தினாள்.

நடீனும் தட்டினாள். தன் கைகள் ஒன்றோடொன்று மோதுவதை, வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். லைல் எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கையசைத்தார்.

காரில் ஏறியதும் அவர் சூடேற்றியைத் திருகிவிட்டு, சீட்டில் சாய்ந்துகொண்டார். முகம் முழுக்கச் சந்தோஷம். “முதல் கார்! கேட்டியா? நீயும் என் பக்கத்துல உக்காந்துக்க.”

நடீன் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஹெக்டரக்கூடவா, லைல்? உன்னை நம்பித்தானே சொன்னேன்?”

லைல் அவளை ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார். தான் செய்ததில் என்ன தப்பு என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“பட்டாளத்துலேர்ந்து நீ திரும்பி வந்த நாள்லேர்ந்து, எவன் நன்றி சொன்னாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறியே நடீன்... வீணாப் போகுதேன்னு நான் வாங்கிக்கிட்டேன்!”