புது சோப்பின் முதுகு

சோப்பு டப்பாவில் நகம்போல் தேய்ந்துபோன வேப்பிலை சோப்பு ஒன்று கிடந்தது. தெய்வானை அதன் பக்கத்தில் புது சந்தன சோப்பைப் பிரித்து வைத்தாள்.

"உன் கதை முடிஞ்சுது. குப்பைக்கூடைக்குக் கிளம்பு," என்றது சந்தனம்.

வேப்பிலை பதில் சொல்வதற்குள் தெய்வானை இரண்டையும் நனைத்து, தேய்ந்ததைப் புதிதின் முதுகில் வைத்து அழுத்தி ஒட்டிவிட்டாள்.

"என் வாசனையே கெட்டுப்போச்சு. இறங்குய்யா."

"ஒரு வாரம் சுமந்துக்கோ தம்பி. நானும் உன்கூடச் சேர்ந்து நுரைக்கிறேன்."

சொன்னபடியே நுரைத்துக் கரைந்தது.

மாதக் கடைசியில் சந்தனமும் நகம்போல் ஆனது. அன்று புது ரோஜா சோப்பு ஒன்று டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்தது.

"உன் கதை முடிஞ்சுது," என்றது ரோஜா.

சந்தனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி தங்கச்சி. முதுகை மட்டும் கொஞ்சம் இப்படித் திருப்பு."